படுத்துட்டுப் போற சீட்டு

ஏனுங்க, தமிழுங்களா? அப்பவே நெனச்சனுங்க. போனை வைக்கறப்ப "சரி சரி, வெச்சர்றேன்"னு சொன்னீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சுபோச்சு. உக்காருங்க. அந்தச் சோபா வேண்டாமுங்க, தலைக்கு நேரா ஏசி அடிக்குது. இப்படி வாங்க. அந்த மிஷின்ல காப்பி மட்டும் புடிச்சுறாதீங்க. சிங்கப்பூர் ஏர்போர்ட்டு லவுஞ்சுன்னு பேரு, காப்பி கழனித்தண்ணி. டீ பரவால்ல. நூடுல்ஸ் நல்லா இருக்குது, ரெண்டு தட்டு சாப்புட்டேன். எல்லாம் ஓசிங்க. ஓசின்னா நம்ம கார்டுக்காகக் குடுக்கறான். இதா, இந்தக் கார்டுதான். கையில எடுத்துப் பாருங்க, கனக்குதுங்களா? பிளாஸ்டிக் இல்ல, இரும்பு. மேசை மேலயே இருக்கட்டும், ஒண்ணும் ஆவாது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கோயமுத்தூர்ல சிங்காநல்லூர். ஈபியில அசிஸ்டெண்ட் இன்ஜினியரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். அதா, ஜன்னலோரமா பச்சைச் சேலை கட்டிட்டு, போனைக் காதுல இருந்து எடுக்காம உக்காந்திருக்காளே, அவதான் என்ற ஊட்டுக்காரி, துளசிமணி. கூப்பிட்டா வர மாட்டா. கொஞ்ச நாளா என்கூடப் பேசறதில்ல. அது கெடக்கட்டும், விடுங்க.

டல்லாஸ் போறமுங்க, மக ஊட்டுக்கு. ஒரே புள்ள, பூங்கோதைன்னு பேரு. ஒம்பதாம் மாசம் நடக்குது அவளுக்கு. இங்கிருந்து டோக்கியோ, அங்கிருந்து டல்லாஸ். பிசினஸ் கிளாஸுங்க! ரெண்டு பேருத்துக்கும். பட்டனை அமுத்தினா சீட்டு அப்படியே கட்டிலாயிருதாம். போத்திக்க மெத்துன்னு கம்பளி, தலைக்கு ரெண்டு தலவாணி. காசு குடுத்து வாங்கினா ஒருத்தருக்கு நாலு லட்சத்துக்கு மேல. நாலு லட்சம் குடுத்துப் போற மூஞ்சியா இது, பாருங்க! சட்டைகூட இஸ்திரி போடல. எல்லாமே பாயிண்டுங்க. கார்டைத் தேய்க்கத் தேய்க்க பாங்குக்காரன் பாயிண்டு குடுப்பான், அதை ஏர்லைன்ல மாத்தி டிக்கெட் எடுக்கற வித்தை. கையில இருந்து குடுத்தது வரி மட்டுந்தான்.

வித்தையைச் சொல்லிக் குடுத்தவரு மாப்பிள்ளை. தினகர்னு பேரு. தங்கமான பையனுங்க. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துக்கு வந்தாரு. கறிசோறு தின்னுட்டு எல்லாரும் ஆளுக்கொரு மூலையில உருண்டுட்டாங்க. இவரு மட்டும் லேப்டாப்பைத் தொறந்து வெச்சுட்டு, "மாமா, இப்படி வாங்க"ன்னாரு. பொழுதோட வரைக்கும் சொல்லிக் குடுத்தாரு. எந்தக் கார்டு வாங்கணும், எந்தக் கார்டுல எதைத் தேய்க்கணும், பாயிண்டை எப்ப ஏர்லைனுக்கு மாத்தணும், எப்ப மாத்தப்படாது. எல்லாம் அவருக்கு விரல் நுனியில. எங்கூர்ல மருமகன் மாமனாருக்கு வேட்டி எடுத்துக் குடுப்பான், இல்லீன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான். இப்படி உக்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கற மாப்பிள்ளையப் பாத்திருக்கீங்களா?

அப்பறம் பாருங்க, எனக்குப் புத்தி அதுலயே நின்னுபோச்சு. எங்க ஒறம்பரை சனத்துல யாரு நகை எடுக்கப் போனாலும் நானும் கூடவே கெளம்பிருவேன். கூப்பிடாட்டியும் போயிருவேன். பில்லு போடற எடத்துல முன்னால நின்னு என்ற கார்டைத் தேய்ச்சுருவேன், காசை அவங்ககிட்ட அப்பறமா வாங்கிக்குவேன். பாயிண்டு எனக்கு. கல்யாண மண்டபம், காலேஜு பீஸு, ஒருத்தரு போர்வெல் போட்டாரு, அதுக்கும் நான்தான். மச்சானுக்குக் காரியம் பண்றப்ப சமையல்காரங்கிட்டப் போயி கார்டு மிஷின் இருக்குதான்னு கேட்டுட்டேன். துளசிமணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னும் காதுல கேக்குது. சிரிக்கறீங்க! சிரிங்க, சிரிங்க. அப்படிச் சேத்துனதுதான் இன்னிக்குப் படுத்துட்டுப் போற சீட்டு.

சேந்த பாயிண்டெல்லாம் எங்க இருக்குதுன்னு கேளுங்க. அந்த ஏர்லைன்ல குடும்பக் கணக்குன்னு ஒண்ணு வெச்சிருக்கான். வீட்டு உண்டியல்னு வெச்சுக்கங்களேன். நானு, துளசிமணி, மக, மாப்பிள்ளை, நாலு பேருத்து பாயிண்டும் அதுல போய் விழுந்துரும். குடும்பத் தலைவர்னு ஒருத்தரைப் போடணும், மாப்பிள்ளையப் போட்டோம். போடறது யாரு வேணாலும் போடலாம், எடுக்கறது தலைவர் கணக்குக்குள்ள போயித்தான் எடுக்கணும். எனக்கு மட்டும் பாஸ்வேர்டு குடுத்திருந்தாரு. எத்தன நம்பிக்கை பாருங்க. கோதைக்குக்கூடக் குடுக்கல. அவளுக்கு இதெல்லாம் தெரியாது, அவ பேர்ல இருந்த பாயிண்டையும் அவருதான் எடுத்து உண்டியல்ல போட்டாரு. அவ கார்டும் அவரு கையிலதான். அவ வேலைய உட்டு ஒரு வருசமாச்சு. அவருதான் உட்டுறச் சொன்னாரு, ஊட்டுல நிம்மதியா இருக்கட்டும்னு.

ஆனி மாசம் கடேசியில ஒருநாள் போன் பண்ணினா. அப்ப அவளுக்கு அஞ்சாம் மாசம். "அப்பா, அம்மாவ அனுப்பி வைங்கப்பா"ன்னா. "பிரசவத்துக்குத்தான் வர்றமே கண்ணு, ஐப்பசியில"ன்னேன். "இப்ப வரச் சொல்லுங்க. நாளைக்கே வரச் சொல்லுங்க. எந்தச் சீட்டா இருந்தாலும் பரவால்ல." பின்னால தண்ணி கொட்டற சத்தமுங்க. பாத்ரூமுக்குள்ள நின்னுட்டுப் பேசறா, அதுவும் குசுகுசுன்னு. "ஏங்கண்ணு, குழாய நிறுத்திட்டுப் பேசு, ஒண்ணும் காதுல உழுக மாட்டீங்குது"ன்னேன். நிறுத்தலீங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டா, சின்னதுல இருந்தே அப்படித்தான். தண்ணி எத்தன வீணாப் போயிருக்கும்!

துளசிமணி அன்னிக்கே, "எகானமியில ஒரு டிக்கெட் போடுங்க, நான் போறேன்"னா. அவளப் போயி எகானமியிலயா? ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சுங்க அவளுக்கு. கார்ல பழனி போறதுக்குள்ள ரெண்டு எடத்துல எறக்கி நிக்க வைக்கணும். ஈபில இருந்தப்ப முப்பது வருசம் ஊர் ஊரா என்ற பின்னால வந்து, குவார்ட்டர்ஸு குவார்ட்டர்ஸா தண்ணிக்குடம் தூக்கித் தேஞ்ச முட்டி அது. வாழ்க்கையில ஒரு தடவையாவது அவ காலை நீட்டிட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அவளுக்காகத்தான் செஞ்சேன். இது ஒண்ணு மட்டும் உங்களுக்குப் புரியணும்.

மாப்பிள்ளையும் அதையேதான் சொன்னாரு. "அத்தைய எகானமியில போட்டு வதைக்காதீங்க மாமா. நான் பாத்துட்டே இருக்கேன். ஆடி தாண்டட்டும், சீட்டு தொறப்பான்." பாயிண்டுக்குன்னு ஒரு பிளேன்ல ரெண்டு சீட்டோ மூணு சீட்டோதான் உடுவான். எப்ப உடுவான்னு எவனுக்கும் தெரியாது. காத்தால நாலரைக்கு எந்திரிச்சு, பல்லு வெளக்கறதுக்கு முந்தி அதைத்தான் பாப்பேன். ஆடி போச்சு. ஆவணியில ஒருநாள் ரெண்டு சீட்டு தெரிஞ்சுது. துள்ளிட்டேன். நம்ம பேர்ல மாப்பிள்ளையே போட்டாத்தான் சரியா இருக்கும்னு அவருக்குப் போன் போட்டேன். "பாத்தேன் மாமா, அது பேய்ச் சீட்டு"ன்னாரு.

பேய்ச் சீட்டுன்னா பயந்துக்காதீங்க. கம்ப்யூட்டர்ல இருக்கற மாதிரிக் காட்டும், போடப் போனா இல்லீம்பான். அந்த வித்தையில அப்படி ஒண்ணு உண்டு. ஆவணியில ஒண்ணு, அதே மாசம் இன்னொண்ணு, புரட்டாசியில ரெண்டு. நாலு தடவை நான் கண்டுபுடிச்சேன். நாலும் பேய்ச் சீட்டுன்னுட்டாரு. என்ற கண்ணுக்கு நெசமாட்டத்தான் இருந்துச்சு. ஆனா அவருக்குத் தெரியாததா?

நடுவுல ஒரு ஞாயித்துக்கெழமை வீடியோவுல வந்தாங்க. எப்பவும் மாப்பிள்ளைதான் போனைப் புடிச்சுக்குவாரு, அவ கைய ஆட்டி ஆட்டிப் பேசுவா, படம் ஆடும்னு. டல்லாஸ்ல அப்ப நம்மூரத் தூக்கிச் சாப்பிடற வெயிலு. இவ கழுத்து வரைக்கும் பட்டன் போட்டு, கை நீளமா ஒரு சட்டை. துளசிமணி விடல. "ஏங்கண்ணு, இத்தன வெக்கையில இப்படி மூடிட்டு உக்காந்திருக்கே?" இவ வாயத் தொறக்கறதுக்குள்ள மாப்பிள்ளை, "உள்ள ஏசி அத்தை, குளிருது அவளுக்கு"ன்னாரு. எத்தனையில வெச்சிருக்கீங்கன்னு நான் கேட்டேன். பதினெட்டாம்! பதினெட்டுல வெச்சா கரண்டு பில்லு என்னத்துக்கு ஆகும்? இருபத்தி நாலுல வைங்க, பேன் போட்டுக்கங்கன்னு பத்து நிமிசம் சொன்னேன். அவரு சிரிச்சாரு. கோதை சிரிக்கல. என்னையே பாத்துட்டு இருந்தா. போன் வெச்சப்பறம் துளசிமணி சமையக்கட்டுல போயி ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தா. அடுப்புகூடப் பத்த வைக்கல.

ஏழாம் மாசம் வளைகாப்பு போடணும். கண்ணாடி வளையல் வாங்கி வெச்சா இவ, பச்சையும் செவப்புமா. சீட்டு கெடைக்கல, நாளு தள்ளிப் போச்சு. இதா, அந்தத் தோள்பைல இருக்குது, துணி சுத்தி. லக்கேஜுல போட்டா ஒடஞ்சுரும்னு கையிலயே தூக்கிட்டுத் திரியறா.

அப்பறம் ஒரு மத்தியானம் கோதையே கூப்பிட்டா. அங்க விடியாத நேரம். மறுபடியும் அந்தக் குழாய்த் தண்ணி சத்தம். "அப்பா, என் பாஸ்போர்ட் ஜெராக்ஸு உங்ககிட்ட இருக்குமில்ல, போட்டோ புடிச்சு அனுப்புங்க"ன்னா. "ஒரிஜினல் உங்கிட்டத்தானே இருக்குது"ன்னேன். "அவர் லாக்கர்ல வெச்சிருக்காருப்பா"ன்னா. பத்திரமா வெச்சிருக்காரேன்னு எனக்கு சந்தோசம். அனுப்பினேன். அப்பறம், "பாஸ்வேர்டு சொல்லுங்கப்பா, உங்க சீட்டை நானும் பாக்கறேன்"ன்னா. அட, நம்ம புள்ளைக்கும் இதுல ஆர்வம் வந்துருச்சுன்னு பூரிச்சுப் போயிச் சொன்னேன். வைக்கறப்ப, "மாடி ரூம் காலியாத்தானே இருக்கு?"ன்னா. "காலியாத்தான் கண்ணு இருக்கு, உன்ற கட்டிலு, பீரோ எல்லாம் அப்படியே கெடக்குது"ன்னேன். "சரிப்பா"ன்னா. அந்த "சரிப்பா"வுல ஒரு மாதிரி, என்ன சொல்றது, மூச்சு விட்டாளுங்க. ஓடிட்டு வந்து நிக்கறவங்க உடற மூச்சு.

எப்ப கடேசியாப் பேசுனான்னு கேக்கறீங்களா? இருங்க, வர்றேன். நேத்துக்கூட மாப்பிள்ளை பேசினாரு. கோதை நல்லா இருக்கா, தூங்கறான்னு சொன்னாரு. நீங்க டீயக் குடிங்க, ஆறிப் போகுது.

ஜெராக்ஸு அனுப்பி ரெண்டாம் நாளுங்க. காத்தால நாலரை. கணக்கத் தொறக்கறேன். உண்டியல்ல எண்பத்தஞ்சாயிரம் பாயிண்டைக் காணோம்! எவனோ திருடிட்டான்னு நெனச்சேன். உள்ள போயிப் பாத்தா ஒரு டிக்கெட்டு. பூங்கோதை நாச்சிமுத்து. டல்லாஸ்ல இருந்து கோயமுத்தூரு. ஒரே ஆளு. போறதுக்கு மட்டும், திரும்பி வர்றதுக்கு இல்ல. அதுவும் எகானமி! நாளான்னிக்குக் காத்தால கெளம்பற பிளேன்ல.

சொல்லுங்க, எட்டாம் மாசத்துப் புள்ளைத்தாச்சி அப்படிப் போலாமா? அதுகூட விடுங்க. எண்பத்தஞ்சாயிரம் பாயிண்டை எகானமியில கொண்டுபோயிக் கொட்டறதா? அந்தப் பாயிண்டுக்கு மேல கொஞ்சம் சேத்தா படுத்துட்டே வரலாமே! எத்தன பேருத்து நகைக்குப் பின்னால நாயா அலஞ்சு சேத்துனது! எனக்கு வந்த கோவம் இருக்குதே. மாங்கா திங்கணும் சாம்பல் திங்கணும்னு தோணற மாதிரி இவளுக்கு ஊரப் பாக்கணும்னு தோணிப்போச்சு, ஒண்ணும் தெரியாம எதையோ அமுக்கி வெச்சுட்டான்னு நெனச்சேன். டிக்கெட் போட்டு ஒரு நாளைக்குள்ள ரத்து பண்ணினா ஒரு பாயிண்டு குறையாம அத்தனையும் திரும்பி வந்துரும். மணியப் பாக்கறேன், இன்னும் மூணு மணி நேரந்தான் பாக்கி. ஒடனே ரத்து பண்ணிட்டேன். எண்பத்தஞ்சாயிரமும் அப்படியே திரும்பி வந்துருச்சு.

என்ன பாக்கறீங்க? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டிருக்கலாமுங்க. அவளுக்கு இதெல்லாம் புரியாதுன்னு மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். கடல் தாண்டி இருந்தாலும் காவல் இருக்கமில்ல, அதைச் சொல்லணுமில்ல. "மாப்பிள்ளை, பெரிய நட்டம் வந்திருக்கும், நான் பாத்ததால தப்பிச்சுது"ன்னு எல்லாத்தையும் சொன்னேன். டிக்கெட்டு, தேதி, பாஸ்வேர்டு நான் குடுத்தது, எல்லாம். லைன்ல இருக்காரான்னு ரெண்டு தடவை அலோ அலோன்னேன். அப்பறம் மெதுவா, "நல்ல வேளை சொன்னீங்க மாமா"ன்னாரு. "நான் பாத்துக்கறேன்"ன்னாரு. அத்தன தன்மையான ஆளுங்க. குரலே ஒசத்த மாட்டாரு.

அன்னிக்கே பாஸ்வேர்டு மாத்திட்டாரு, பாதுகாப்புக்கு. எனக்கும் குடுக்கல. அதுவும் சரிதான்.

காப்பி குடிக்கறப்ப துளசிமணிகிட்டப் பெருமையாச் சொன்னேன். டம்ளரை வெச்சுட்டா. "நீங்களா ரத்து பண்ணுனீங்க?"ன்னா. ஆமான்னேன். "அவருகிட்டயும் சொல்லிட்டீங்களா?"ன்னா. ஆமான்னேன். "எம் புள்ள தப்பிச்சு வரப் பாத்துருக்கா"ன்னா. தப்பிக்கறதாம்! யாருகிட்ட இருந்து? தங்கமாட்ட வெச்சிருக்கான். உனக்கு டிவி பாத்துப் பாத்துப் புத்தி கெட்டுப்போச்சுடீன்னு கத்திட்டேன். அதுக்கப்பறம் அவ எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சோறு போடறா, துணி தொவைக்கறா, வாயத் தொறக்கறதில்ல. ஊட்டுக்குள்ள எளவு உழுந்த மாதிரி இருந்துச்சு.

எங்கிட்டத்தான் பேச மாட்டா. ஒரு வாரம் கழிச்சு மாப்பிள்ளைக்கு அவளே போன் போட்டா. மாப்பிள்ளைகிட்ட முக்காலே மூணுவீசம் பேசவே கூச்சப்படறவ. நான் பக்கத்துலதான் நிக்கறேன். "எம் மககிட்டப் போனைக் குடுங்க"ன்னா. தூங்கறான்னாரு. "எழுப்புங்க"ன்னா. டாக்டர் எழுப்ப வேண்டாம்னாருன்னாரு. "சரி, கேட்டுக்கங்க. நாளைக்கு என்ற தாலிக்கொடிய வித்துப்போட்டு டிக்கெட் எடுக்கப் போறேன். நின்னுட்டே வர்றதா இருந்தாலும் வருவேன்"னா. அந்த மனுசன் எத்தன பொறுமை பாருங்க, ஒரு மணி நேரத்துல பிசினஸ் கிளாஸ்ல ரெண்டு சீட்டு போட்டு அனுப்பிட்டாரு. அது பேய்ச் சீட்டு இல்ல, நெசமாலுமே சீட்டு. என்ன, தேதி பதினஞ்சு நாள் தள்ளி. அதுவும் கோயமுத்தூர்ல இருந்து இல்ல, சிங்கப்பூர்ல இருந்து. இந்த ஊரு வரைக்கும் நாம தனியா ஒரு டிக்கெட் எடுத்து வந்து சேரணும். இந்த வித்தையில அது சகஜம். எங்க சீட்டு இருக்குதோ அந்த ஊருக்கு நாம போயி நிக்கணும்.

அதனாலதான் காத்தால இருந்து இங்க குந்தியிருக்கறோம். டோக்கியோ பிளேன் ஏழு மணிக்கு. போர்டிங் பாஸு இன்னும் வாங்கல, ரெண்டு மணி நேரத்துக்கு முந்தி, பிளேன் மாறறவங்களுக்குன்னு இருக்கற ஏர்லைன் கவுண்டர்ல குடுப்பானாம். பதினஞ்சு நாளும் துளசிமணி தெனமும் போன் போடறா. கோதை போனு சுவிட்ச் ஆப்பு. கீழ உழுந்து ஒடஞ்சுபோச்சாம். புதுசு வாங்கலாம்ல, நான்கூடக் கேட்டேன். நல்ல ஆபர் வரட்டும் மாமா, பாயிண்டு நெறைய வரும்னாரு. அவரு எப்பவும் அப்படித்தான் கணக்காப் பேசுவாரு.

என்னங்க? அங்க தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னா? எதுக்கு? போயிப் பாக்கச் சொல்றதுக்கா? போலீஸா! என்னங்க நீங்க, டீ குடிச்சமா, ரெண்டு வார்த்தை பேசுனமான்னு இல்லாம. மாப்பிள்ளை ஊட்டுக்குப் போலீஸ அனுப்பினா நாளைக்கு நான் அவரு மூஞ்சில எப்படி முழிப்பேன்? நாளைக்குப் பொழுதோட நானே அங்க போயி எறங்கப் போறேன். என்ற கண்ணால பாக்கப் போறேன். வெசனப்படாதீங்க. உங்களாட்டத்தான் அவளும். எல்லாத்துலயும் கெட்டதையே நெனைக்கறது.

இருங்க, மெசேஜு வந்திருக்குது. ஏர்லைன்தான். கண்ணாடி எங்க வெச்சேன். ம்.

ரத்தாமுங்க.

உங்க பயணம் உங்க வேண்டுகோள்படி ரத்து செய்யப்பட்டது. பாயிண்டெல்லாம் தலைவர் கணக்குல திரும்பிச் சேர்ந்துருச்சு. ரெண்டு பேருத்துதும். நாம எங்க வேண்டுனோம்? இங்க படிங்க, எனக்குத்தான் சரியாத் தெரியலயோ. அப்படித்தான் போட்டிருக்குதுங்களா? இன்னிக்குத் தேதிதானா?

இல்லீங்க, இது எனக்குத் தெரியும். இப்படிப் பண்ணுவாங்க. இதை விட நல்ல சீட்டு தொறந்திருக்கும், பர்ஸ்ட் கிளாஸே தொறந்திருக்கும். அதைப் போடணும்னா இதை மொதல்ல ரத்து பண்ணணும். இப்ப அடுத்த மெசேஜு வரும் பாருங்க. அங்க இப்ப ராத்திரி ரெண்டு மணி. தூங்காம உக்காந்து நமக்காகப் பாத்துட்டு இருக்காரு. போன் போட்டுக் கேக்கறேன், இருங்க.

ரிங் போகுது.

எடுக்கல. இன்னொருக்கா போடறேன்.

கட் பண்றாரு. முழிச்சுட்டுத்தான் இருக்காரு, கட் பண்றாரு. இப்ப சுவிட்ச் ஆப்பு.

அடுத்த மெசேஜைக் காணோமே. இந்த ஏசி என்னத்துக்கு இப்படிக் குளிருது? எத்தனையில வெச்சிருக்கான் இவன், பதினெட்டா? ஏனுங்க, அந்தப் புள்ள வேத்துக் கொட்டற வெயில்ல கை மூடுன சட்டை போட்டிருந்தா. நான் கரண்டு பில்லு பேசுனேன். அவ என்னையே பாத்துட்டு இருந்தா. பத்து நிமிசம் கரண்டு பில்லு பேசுனனுங்க நான்.

கேட்டீங்களே, கடேசியா எப்பப் பேசுனான்னு. அந்தப் பாஸ்வேர்டு கேட்டாளே, அன்னிக்குத்தான். அதோட சரி. இருபத்தஞ்சு நாளாச்சு எம் புள்ள குரலைக் கேட்டு. ஒவ்வொரு நாளும் எண்ணிட்டுத்தான் இருந்தேன். வெளிய சொல்லல.

துளசி! அட, எப்ப எந்திரிச்சு வந்தா? துளசி, அது ஒண்ணுமில்ல, மாப்பிள்ளை வேற சீட்டு... ஏய், அந்தக் கார்டை எதுக்கு எடுக்கறே? பேசிட்டாளுங்க, எங்கிட்டப் பேசிட்டா. "நம்பர் என்ன"ன்னு கேக்கறா. கார்டோட நாலு நம்பரை. ரெண்டு ரெண்டு பூஜ்யம் எட்டுடி. கோதை பொறந்த நாளு, மறந்துட்டியா, ஆகஸ்ட்டு இருபத்தி ரெண்டு.

துளசி, இரு, நானும் வர்றேன். வளையல் பைய வெச்சுட்டுப் போறா பாருங்க. காசுக்கே டிக்கெட் எடுக்கப் போறாளுங்க, அந்தக் கவுண்டர் எங்கயோ கடேசியில இருக்குது, நடக்கவே கால் மணி நேரம் ஆகும். ஏனுங்க, அங்க பாருங்க அவள. சேலையத் தூக்கிச் சொருகிட்டு. அந்த முட்டிய வெச்சுட்டு ஓடறாளுங்க.